பழைய காரில் ஷாக், ஸ்பிரிங் மாற்றப் போகிறீர்களா? எந்த நட்டைக் கழற்றலாம், எதைத் தொடவே கூடாது?

ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டிய பிறகும் கார் இரண்டு மூன்று முறை ஆடுகிறதா? பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வருகிறதா? பின்சீட்டில் இருப்பவர்கள், "என்னப்பா, மாட்டு வண்டி மாதிரி தூக்கிப் போடுது" என்கிறார்களா? கார் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடியது என்றால், மெக்கானிக் சொல்லப்போகும் வார்த்தையும் கிட்டத்தட்ட உறுதி: "ஷாக் போயிடுச்சு சார், மாத்திடலாம்."

அங்கிருந்து இரண்டு வழி. ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாம். அல்லது நாலு வீடியோ பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் நாமே ஸ்பேனரை எடுக்கலாம். எந்த வழியில் போனாலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்த வேலையில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் பணத்தோடு போய்விடும். இரண்டு தவறுகள் மட்டும் உயிரோடு விளையாடுபவை. ஒன்று, ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போவது. இன்னொன்று, அழுந்திய ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்றுவது.

பழைய கார் என்பது நம்மில் பலருக்கு இப்போ அன்றாட விஷயம். தனியார் கார்களின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. இவ்வளவு செலவழித்து வைத்திருக்கும் காரின் சஸ்பென்ஷனைச் சரியாக வைத்திருப்பது அவசியம்தானே?

ஷாக் வேறு, ஸ்பிரிங் வேறு

பேச்சு வழக்கில் இரண்டையும் சேர்த்து 'ஷாக்' என்றே சொல்லிவிடுகிறோம். வேலை வேறு வேறு.

ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிறது. பள்ளத்தில் சக்கரம் மேலே தள்ளப்படும்போது அந்த அடியை வாங்கி, தனக்குள் ஆற்றலாகச் சேமித்துக்கொள்கிறது. சேமித்ததைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் கார் மேலே எழும்பி, மறுபடி இறங்கி, ஆடிக்கொண்டே இருக்கப் பார்க்கிறது.

ஷாக் அப்சார்பர் இந்த ஆட்டத்தை நிறுத்துகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் சின்னத் துளைகள், வால்வுகள் வழியாகப் பிதுங்கிப் போகும்போது அசைவு வெப்பமாக மாறிக் கரைந்துவிடுகிறது. அவ்வளவுதான். ஷாக் காரைத் தூக்கிப் பிடிப்பதில்லை. 'கார் தாழ்ந்துபோச்சு' என்றால் முதலில் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். 'கார் ஆடுது' என்றால் ஷாக்கைப் பார்க்க வேண்டும்.

இது சொகுசுக்கான சமாச்சாரம் மட்டும் இல்லை. ஷாக் பழுதானால் மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டு அடிக்கடி எழும்பும். தரையைத் தொடாத டயரால் பிரேக் பிடிக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. நம் சாலைகளின் நிலைமையும் இதில் சேர்த்தி. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்க முடிய வேண்டும். நம் தெருக்களில் குறுகலாக, செங்குத்தாக நிற்பவற்றுக்கும் இந்த அளவுக்கும் சம்பந்தமே இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் சாலைப் பள்ளங்களால் நடந்த விபத்துகளில் 1,856 பேர் இறந்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் ஷாக் என்று சொல்ல வரவில்லை. இப்படிப்பட்ட சாலையில் டயர் தரையை விடாமல் பிடிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்காகத்தான் சொல்கிறோம்.

உண்மையிலேயே மாற்ற வேண்டுமா?

மெக்கானிக் சொன்னதும் தலையாட்டுவதற்கு முன், நீங்களே பார்க்கக் கூடியவை நான்கு.

முதலாவது, கசிவு. ஷாக்கின் உடம்பில் லேசான எண்ணெய்ப் பூச்சும் தூசியும் இருந்தால் பயப்பட வேண்டாம். ஈரமாக வழிந்து கீழே வரை வந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

இரண்டாவது, டயர். கையால் தடவிப் பாருங்கள். டயரைச் சுற்றி ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் மேல் சந்தேகம் கொள்ளலாம். ஒரு ஓரம் மட்டும் சீராகத் தேய்ந்திருந்தால் முதலில் வீல் அலைன்மென்ட்டைப் பாருங்கள்.

மூன்றாவது, உயரம். சமதளத்தில் நிறுத்தி, டிக்கியைக் காலி செய்து, டயர்களில் காற்று சரியாக இருக்கும்போது, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளங்கள். இடதுக்கும் வலதுக்கும் நன்றாகத் தெரியும் வித்தியாசம் இருந்தால் ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் அல்லது உடைந்திருக்கலாம். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று துருப்பிடித்து உடைவது பழைய கார்களில் சகஜம். கடலோர ஊர்களில் ஓடிய காராக இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

நான்காவது, சத்தம். 'டக் டக்' சத்தத்துக்குப் பல நேரம் காரணம் ஷாக் இல்லை. ஸ்டெபிலைசர் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், ஷாக்கின் தலையில் இருக்கும் ஸ்ட்ரட் மவுண்ட் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஷாக்கை விட விலை குறைந்த பாகங்கள் இவை. இவற்றைச் சோதிக்காமல் ஷாக்கை மாற்றினால் செலவும் ஆகும், சத்தமும் அப்படியே இருக்கும்.

காரின் மூலையை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் சோதனை எல்லோருக்கும் தெரியும். மோசமாகப் போன ஷாக்கைத்தான் அது காட்டிக்கொடுக்கும். அதில் தேறிவிட்டது என்பதற்காக ஷாக் நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

மாற்றுவது என்று முடிவானால் ஜோடியாக மாற்றுங்கள். முன்பக்கம் என்றால் முன் இரண்டும், பின்பக்கம் என்றால் பின் இரண்டும். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் திருப்பத்திலும் அவசர பிரேக்கிலும் கார் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஸ்பிரிங் நன்றாக இருந்தால், ஷாக்கை மாற்றுகிறோம் என்பதற்காக அதையும் மாற்ற வேண்டியதில்லை.

அந்த ஒரு நட்

இந்தியாவில் ஓடும் சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இருப்பது மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மேக்ஃபெர்சன் 1940-களில் உருவாக்கிய அமைப்பு இது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்திருக்கும். ஷாக்கின் தண்டு நடுவே மேலே வரும், அதைச் சுற்றி ஸ்பிரிங் அழுந்தி உட்கார்ந்திருக்கும். தண்டின் தலையில் இருக்கும் நட்தான் ஸ்பிரிங் துள்ளி வெளியே வராமல் தடுக்கிறது.

பானட்டைத் திறந்தால் இரு ஓரங்களிலும் இந்தத் தூணின் தலை தெரியும். பெரும்பாலான கார்களில் நடுவில் ஒரு நட், சுற்றிலும் இரண்டோ மூன்றோ நட்டுகள் இருக்கும். சுற்றி இருப்பவை தூணைக் காரின் உடலோடு பிடிப்பவை. நடு நட் ஸ்பிரிங்கைப் பிடிப்பது. சில மாடல்களில் மேலே ஒற்றை நட் மட்டும்தான் கண்ணில் படும், ஸ்பிரிங்கைப் பிடிக்கும் நட் அதற்குக் கீழே ஒளிந்திருக்கும். ஆகவே உங்கள் மாடலின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் படத்தைப் பார்க்காமல் தலைப்பக்கம் ஸ்பேனரைக் கொண்டு போகாதீர்கள்.

அந்த நட்டுக்குப் பின்னால் எவ்வளவு ஆற்றல் அடைந்து கிடக்கிறது? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு மில்லிமீட்டர் அமுக்கத்துக்கும் 20 நியூட்டன் விசை கேட்கும் ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

அதை 10 சென்டிமீட்டர் அமுக்கினால் விசை 2,000 நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ எடை. சேமிக்கப்படும் ஆற்றல் 100 ஜூல். 15 சென்டிமீட்டர் அமுக்கினால் விசை சுமார் 300 கிலோ எடை, ஆற்றல் 225 ஜூல். அமுக்கம் ஒன்றரை மடங்கு, ஆற்றலோ இரண்டேகால் மடங்கு. 10 கிலோ அரிசி மூட்டை ஏழடிக்கும் மேலிருந்து உங்கள் மேல் விழுவதற்குச் சமம் அது. அந்த 225 ஜூலும் 2 கிலோ எடையுள்ள ஸ்பிரிங்கின் ஓட்டமாகவே மாறினால் வேகம் மணிக்கு 54 கி.மீ. முகத்துக்கு நேராக!

மெதுவாகக் கழற்றினால் மெதுவாகத் தளரும் என்று நினைக்காதீர்கள். நட்டின் கடைசி மரை விடும் நொடியில் எல்லாம் ஒரே வீச்சில் வெளியே வரும்.

நாமே செய்யலாமா?

வேலையை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் பதில் எளிது.

பின்பக்கம் ஷாக் தனியாக, ஸ்பிரிங் தனியாக இருக்கும் கார்களில் ஷாக்கை மட்டும் மாற்றுவது: சரியான கருவியும் பொறுமையும் இருந்தால் செய்யலாம்.

முன்பக்க ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றி, முழுசாக மாட்டுவது: ஏற்கெனவே பிரேக் பேட் மாற்றும் அளவுக்குக் கைப்பழக்கம் உள்ளவர்கள் செய்யலாம்.

கழற்றிய ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிப்பது: இதை வீட்டில் செய்யாதீர்கள். மேஜையில் பொருத்திய ஸ்பிரிங் கம்ப்ரஸர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கழற்றுவது நீங்கள், பிரிப்பது அவர்கள். உங்கள் மாடலுக்கு ஸ்பிரிங், மவுண்ட் எல்லாம் சேர்த்துப் பொருத்திய முழு ஸ்ட்ரட் கிடைத்தால் பிரிக்கும் வேலையே இல்லை.

காரைத் தூக்கும் முன்

சமமான, கெட்டியான தரை வேண்டும். மண் தரையும் சரிவான ராம்ப்பும் வேண்டாம். தூக்காத பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கும்போது ஹேண்ட்பிரேக் உதவாது. பெரும்பாலான கார்களில் அது பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும், அவையோ இப்போது அந்தரத்தில் இருக்கின்றன. முன் சக்கரக் கட்டைகள்தான் காப்பு. வீல் நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிடுங்கள்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஜாக் ஸ்டாண்ட் வேண்டும், அதுவும் தயாரிப்பாளர் குறித்த இடத்தில். டிக்கியில் வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான், அதை நம்பி உடம்பில் ஒரு பாகம் கூடக் காருக்கு அடியில் போகக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் ஒரே நொடியில் நொறுங்கும், அவற்றை அடுக்கி நிறுத்தாதீர்கள். ஸ்டாண்டில் இறக்கியதும் காரைக் கையால் அசைத்துப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்துக் காரின் ஓரத்துக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஸ்டாண்ட் நழுவினாலும் உங்களுக்கு ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கும்.

முன்பக்கம்: வேலையின் வரிசை

முதலில் ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கும் பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் ஒயர், லிங்க் ராட் ஆகியவற்றை விடுவியுங்கள். ஹோஸில் எதுவும் தொங்கக் கூடாது, அது முறுக்கிக்கொள்ளவும் கூடாது.

அடுத்து, ஸ்ட்ரட்டையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்கள். கழற்றும் முன் அவற்றின் இருப்பிடத்தைப் பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் சாய்வு இங்கேதான் தீர்மானமாகிறது. லோயர் ஆர்முக்குக் கீழே ஜாக்கியால் லேசாகத் தாங்கல் கொடுங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல் நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கேஸ் டார்ச்சால் சுடவைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பது எண்ணெயும் அழுத்த வாயுவும் அடைத்த ஷாக்.

கடைசியாக, மேலே சுற்றியிருக்கும் நட்டுகள். ஒரு கை ஸ்ட்ரட்டைக் கீழிருந்து பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலில் விழும். நடு நட்டைத் தொடவில்லை என்பதை மறுபடி உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்பிரிங்கைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியவை: ஸ்பிரிங்கின் இரு எதிர்ப்பக்கங்களிலும் சமமாக அமுக்கப்படுகிறதா? நடு நட்டைத் தளர்த்தும் முன், ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்வாகச் சுழல்கிறதா? தண்டின் நேர்க்கோட்டில் யாருடைய தலையாவது இருக்கிறதா? தண்டை பிளையரால் கவ்விப் பிடிக்கிறார்களா? அதில் ஒரு கீறல் விழுந்தால் போதும், புது ஷாக்கின் எண்ணெய் சீல் சீக்கிரமே கிழிந்துவிடும்.

திரும்ப மாட்டும்போது ஸ்பிரிங்கின் முனை, இருக்கையில் உள்ள படியில் சரியாக உட்கார வேண்டும். பம்ப் ஸ்டாப், தூசி உறை, தேய்ந்திருந்தால் ஸ்ட்ரட் மவுண்ட், அதன் பேரிங் ஆகியவற்றையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பின்னால் இவற்றுக்காக மறுபடி அதே வேலை செய்ய வேண்டி வரும். லாக் நட்டுகள் புதிதாக இருக்கட்டும்.

பின்பக்கம்: எளிது, ஆனால் ஒரு கண்ணி உண்டு

பல சிறு கார்களில் பின்பக்க ஷாக் தனியாகவும் ஸ்பிரிங் தனியாகவும் இருக்கும். கீழே இருக்கும் போல்ட்டைக் கழற்றினால் ஷாக் கையோடு வந்துவிடும். கண்ணி இதுதான்: அச்சு ஓர் அளவுக்கு மேல் கீழே இறங்காமல் தடுப்பதும் அந்த ஷாக்தான். அச்சுக்குக் கீழே ஜாக்கியால் தாங்கல் கொடுக்காமல் போல்ட்டை உருவினால், அச்சு திடீரென்று இறங்கும், ஸ்பிரிங் துள்ளும், பிரேக் ஹோஸ் இழுபடும்.

ஷாக் மட்டும் என்றால் ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும் என்றால், அச்சை ஜாக்கியோடு மிக மெதுவாக இறக்குங்கள். ஸ்பிரிங் முழுதும் தளர்ந்து தானாக அசையும் வரை கையை நடுவில் விடாதீர்கள்.

இந்தக் குறுக்குவழிகள் வேண்டாம்

கயிறு, செயின், கட்டுக்கம்பி கொண்டு ஸ்பிரிங்கைக் கட்டி நட்டைக் கழற்றுகிறேன் என்று யாராவது சொன்னால், காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஆபத்து உங்களுக்கு மட்டும் இல்லை, ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகும் உதவியாளருக்கும்தான்.

காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கை வெட்டுவது, உயர்த்த ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகுவது இரண்டும் ஸ்பிரிங்கின் கணக்கையே மாற்றிவிடும். தளர்ந்த ஸ்பிரிங்குக்கு மருந்து புது ஸ்பிரிங்தான். எண்ணெய் மாற்றி வெல்டிங் வைத்த 'ரீகண்டிஷன்' ஷாக்கில் உள்ளே வால்வு எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. பழைய வாயு ஷாக்கைத் துளைப்பதோ நெருப்பில் போடுவதோ வெடிப்பில் முடியலாம்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

கம்ப்ரஸர் எங்கே இருக்கிறது, காட்ட முடியுமா? போல்ட்களை டார்க் ரெஞ்சால் முறுக்குவீர்களா? மவுண்ட், பம்ப் ஸ்டாப் பழசா, புதுசா? அலைன்மென்ட் இந்தச் செலவில் சேர்த்தியா? பழைய பாகங்களைக் கையில் தருவீர்களா?

பாகத்தை நீங்களே வாங்குவதாக இருந்தால், டெல்லி காஷ்மீரி கேட், பெங்களூரு ஜே.சி. ரோடு, சென்னை ஜி.பி. ரோடு என எங்கே வாங்கினாலும் பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இருந்தால்தான் வாரண்டி கேட்க முடியும். பாக எண்ணை மேனுவலோடு ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் வரும் காரின் பெட்ரோல், டீசல் வகைகளுக்கு ஸ்பிரிங் வேறாக இருக்கலாம். வரியையும் பாருங்கள்: வாகன உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது.

வேலை முடிந்த பிறகு

ரப்பர் புஷ் உள்ள போல்ட்களை, கார் அந்தரத்தில் இருக்கும்போது முழுதாக முறுக்காதீர்கள். சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும் நிலையில்தான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்ட நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். எத்தனை நியூட்டன்-மீட்டர் என்பது மாடலுக்கு மாடல் மாறும். மேனுவலில் உள்ள எண்ணைத்தான் பின்பற்ற வேண்டும், வீடியோவில் ஒருவர் சொன்னதை அல்ல.

ஸ்டீயரிங்கை இடது கோடி முதல் வலது கோடி வரை திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் எங்கேயும் உரசக் கூடாது, இழுபடக் கூடாது. கிளம்பும் முன் பிரேக் பெடலை நாலு முறை அமுக்கி, கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஓட்டம் காலியான தெருவில், மெதுவாக. அங்கிருந்து நேராக அலைன்மென்ட்டுக்கு. அதைத் தள்ளிப்போட்டால் புது ஷாக்கில் மிச்சம் பிடித்ததை டயர் தின்றுவிடும். ஒரு வாரம் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

கைவசம் ஜாக் ஸ்டாண்ட் இல்லை, மேனுவல் இல்லை, எந்த நட் எதைப் பிடிக்கிறது என்பதில் சந்தேகம் இருக்கிறது. இவற்றில் ஒன்று பொருந்தினாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுங்கள். ஆடிக்கொண்டிருக்கும் காரை மெதுவாக ஓட்டி ஒர்க்‌ஷாப் வரை கொண்டு போய்விடலாம்.